சீனம் செல்லும் வணிகரே, சற்று நில்லுங்கள்!

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், அங்குள்ள ஒரு கல்வெட்டின் முன் சில நிமிடங்கள் நின்று பாருங்கள். 1911-ஆம் ஆண்டு காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட கல் அது. 1409-ஆம் ஆண்டின் தேதியைத் தாங்கிய அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீன வாசகம் புத்தரைப் போற்றிக் காணிக்கை செலுத்துகின்றது. தமிழ் வாசகம் தெனவரை நாயனாருக்குக் காணிக்கை கூறுகின்றது. பாரசீக வாசகமோ அல்லாஹ்வைப் புகழ்ந்து பேசுகின்றது. காணிக்கைப் பொருள்கள் மட்டும் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே!

அக்கல்லைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தவர் சீனப் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹோ. யுன்னான் மாநிலத்தில், ஹாஜி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கல்லிலுள்ள வாசகங்கள் கப்பல்கள் புறப்படுமுன் சீனாவிலேயே எழுதப் பெற்றவை என்று அதிலுள்ள தேதியைக் கொண்டு அறிஞர்கள் கருதுகின்றனர். அதாவது, செல்லுமிடத்தில் யார் யார் வாழ்கின்றனர், அவர்கள் எம்மொழியில் பேசுவர், எதனை மதிப்பர் என்பதையெல்லாம் விசாரித்து அறிந்த பின்னரே நங்கூரம் எடுக்கப்பட்டிருக்கின்றது.

(செங் ஹோவை முழுமையான முன்மாதிரியாக நான் காட்டவில்லை. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அதே கடற்படை இலங்கையில் போரிட்டு, அந்நாட்டு அரசரையே சிறைப்பிடித்துச் சென்றது. மரியாதையும் படையும் ஒரே கப்பலில்தான் பயணம் செய்தன. ஆயினும் அந்தக் கல் சொல்லும் பாடம் பொய்யாகி விடாது.)

அன்று சீனத்திலிருந்து கப்பல்கள் நம்மை நாடி வந்தன. இன்று நம் வணிகர்கள் சீனத்தை நாடிச் செல்கின்றனர். சென்னை மண்ணடியிலும், திருச்சியிலும், கோவையிலும் கடை வைத்திருக்கும் நம் சமுதாய இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். குவாங்சோவும் யீவூவும் அவர்களுக்குப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் போல் ஆகிவிட்டன. குவாங்சோவில் 1957-ஆம் ஆண்டு முதல் ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடைபெற்று வரும் ஏற்றுமதிக் கண்காட்சியைக் காணச் செல்வோர் பலர். யீவூவின் மொத்த விற்பனைச் சந்தையில் சுமார் 75,000 கடைகள் உள்ளன. ஊசி முதல் தொழுகை விரிப்பு வரை அங்குக் கிடைக்காதது இல்லை.

இவ்விடத்தில், சீன தேசம் சென்றேனும் கல்வியைத் தேடுவது பற்றிய அந்தப் பிரபலமான வாசகம் உங்கள் நினைவுக்கு வரலாம். நம் மேடைகளில் அது நபிமொழியாகவே முழங்கப்படுகின்றது. ஆனால் ஹதீஸ்கலை வல்லுநர்கள் அதன் அறிவிப்புத் தொடரைப் பலவீனமானது என்றும், சிலர் இட்டுக்கட்டப்பட்டது என்றுமே கூறியுள்ளனர். ஆகவே அதனை நான் ஆதாரமாகக் கொள்ளப் போவதில்லை. அதனினும் உறுதியான சான்றுகள் நம்மிடம் உள்ளன, பின்னர் வருகின்றேன்.

முதலில், எனக்கு மிகவும் வேண்டிய வணிகர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கூறுகின்றேன். பெயர் வேண்டாம், அவர் இப்பத்திரிகையைப் படிப்பவர்.

2023-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் கோலாலம்பூர் வழியாக யீவூ சென்றார். மனைவியின் பதினைந்து பவுன் நகையை விற்ற பணமும், மைத்துனரிடம் பெற்ற கைமாற்றும் அவருடைய முதலீடு. 2024-ஆம் ஆண்டு ரமளானுக்காக 6,000 தொழுகை விரிப்புகளுக்கு ஆர்டர் கொடுத்தார். “ரமளானுக்கு முன்பே சரக்கு எனக்கு வந்து சேர வேண்டும், முடியுமா?” என்று கேட்டார். கடை முதலாளி புன்னகை பூத்தார். “ஜின்லியாங்” என்றார். மொழிபெயர்ப்பாளர், “முயற்சி செய்கிறாராம்” என்று கூறினார். நம்மவர் மனம் குளிர்ந்து, விலையில் 30 சதவீதத்தை முன்பணமாகக் கட்டிவிட்டுத் தாயகம் திரும்பினார்.

அவ்வாண்டு சீனப் புத்தாண்டு பிப்ரவரி 10-ஆம் நாள். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் மூட்டை கட்டிக்கொண்டு தத்தம் கிராமங்களுக்குப் புறப்பட்டு விடுவர். பலர் புத்தாண்டின் பதினைந்தாம் நாளில் வரும் விளக்குத் திருவிழா முடிந்த பின்னரே திரும்புவர். சிலர் திரும்புவதே இல்லை. வேறு வேலைக்குப் போய்விடுவர். நம் நண்பரின் விரிப்புகள் தறியில் ஏறியதே மார்ச் மாதத்தில்தான். இங்கு மார்ச் 12-ஆம் நாள் முதல் நோன்பு தொடங்கிவிட்டது. ஏப்ரல் 11-ஆம் நாள் பெருநாள். சரக்கு சென்னைத் துறைமுகத்தை வந்தடைந்தது பெருநாள் கழிந்த ஆறாம் நாள்! கட்டைப் பிரித்தால் இன்னோர் அதிர்ச்சி: மாதிரியாகக் காட்டிய விரிப்பின் எடை 600 கிராம், வந்தவையோ 420 கிராம்.

“ஏமாற்றுக்காரன்!” என்று அவர் குமுறினார். அவருடைய வேதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு குடும்பத்தின் சேமிப்பு கிடங்கில் கிடந்தது. ஆயினும் நடந்ததைச் சற்றே நிதானமாக அலசிப் பாருங்கள்.

சொல்லாத ‘இல்லை’

முகத்துக்கு நேரே “முடியாது” என்று கூறுவது சீனரின் பண்பாட்டில் பெரும்பாலும் மரியாதைக் குறைவாகவே கருதப்படுகின்றது. அதனால் கேட்பவர் அவமானப்படுவார். சொல்பவரும் சிறுத்துப் போவார். ஆகவே மறுப்பை மென்மையான துணியில் சுற்றித் தருவர். ‘ஜின்லியாங்’ என்றால் ‘இயன்றவரை’. ‘காவ்லியூ காவ்லியூ’ என்றால் ‘யோசிப்போம்’. சற்று வசதிக் குறைவாக இருக்கின்றது என்று கூறினால், அது ஏறத்தாழத் தெளிவான மறுப்பே. ஒன்றும் பிரச்சினை இல்லை என்று பொருள்படும் ‘மேய் வென்தி’ கூட, உங்கள் கோரிக்கை என் காதில் விழுந்தது என்பதற்கு மேல் ஒன்றுமில்லாமல் இருக்கலாம்.

இது நமக்குப் புரியாத ஒன்றா? கல்யாண வீட்டுக்கு அழைக்க வருபவரிடம், “வர மாட்டேன்” என்று நம்மில் எவரேனும் கூறுகின்றோமா? “இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்” என்றுதானே அனுப்பி வைக்கின்றோம்! (அல்லாஹ்வின் நாட்டத்தைக் குறிக்கும் உன்னதமான சொல்லை மறுப்புக்குப் போர்வையாக்கிய குற்றம் நம்முடையது, அது வேறு கதை.) அழைக்க வந்தவர் நம் முகக்குறியைக் கண்டே இலையை எண்ணிக் கொள்கின்றார். சீனரும் அதே முகக்குறியைத்தான் எதிர்பார்க்கின்றனர்.

ஆகவே, ‘முடியுமா?’ என்று கேட்காதீர்கள். எத்தனை தறிகள் ஓடுகின்றன? நூல் கையிருப்பில் உள்ளதா? ஆட்கள் எந்தத் தேதியில் ஊருக்குச் செல்கின்றனர், எந்தத் தேதியில் திரும்புகின்றனர்? இவ்வாறு கேளுங்கள். தேதிக்கும் எண்ணுக்கும் ‘ஆம், இல்லை’ தேவையில்லை. அவருக்கும் சங்கடமில்லை; உங்களுக்கும் உண்மை தெரிந்துவிடும்.

எடை குறைந்ததற்கும் இதே வேர்தான். நண்பர் விலையைக் கீழே கீழே இறக்கியிருக்கின்றார். ஒரு கட்டத்தில் அவ்விலைக்கு அந்த விரிப்பை நெய்யவே இயலாது. நம்மூர்க் கடைக்காரராயின், “கட்டுப்படியாகாது பாய், வேறு கடை பாருங்க” என்று கூறியிருப்பார். அவரோ கணிப்பொறியில் எண்ணைத் தட்டி, பெருமூச்சு விட்டு, தலையசைத்து விட்டார். வாயால் சொல்லாத ‘இல்லை’யைச் சரக்கில் சொல்லி விட்டார்! இதனை நான் நியாயம் என்று கூற மாட்டேன். நம் மார்க்கத்தின் பார்வையில் அளவில் குறைப்பது கொடிய குற்றம். அவர்கள் சட்டத்திலும் குற்றமே. ஆனால், குறித்த எடையை எழுத்தில் கேட்காமல் விலையை மட்டும் பிடித்துத் தொங்கியவர் நம் நண்பர் என்பதையும் மறைக்க இயலாது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி திருமறையின் மிக நீண்ட வசனமே கட்டளையிட்டிருக்க, நாம் ‘நம்பிக்கை’ என்று கூறி எழுதாமல் விடுகின்றோம்.

சரக்கு வந்த பின் அவர் செய்த தவறு அதனினும் பெரிது. ஜூன் மாதத்தில் நேரில் சென்று, கடை வாசலில், பணியாளர்களும் பக்கத்துக் கடைக்காரர்களும் பார்த்திருக்க, குரலை உயர்த்திச் சண்டையிட்டார். ‘மியென்ஸ்’ என்று சீனத்தில் ஒரு சொல் உண்டு. முகம் என்று பொருள். நம் மொழியில் ‘மானம்’ என்பது அதற்கு மிக நெருங்கியது. பலர் நடுவே ஒருவரின் மானத்தைப் பறித்து விட்டால், அவர் உங்களுக்கு ஈடு செய்யும் வழியையும் நீங்களே அடைத்து விடுகின்றீர்கள். அதற்குப் பிறகு அவர் நம்மவரின் அழைப்புகளை ஏற்கவே இல்லை.

நாயகம் (ஸல்) அவர்களின் மோதிரம்

உறுதியான சான்றுகள் உண்டு என்று முன்னர் கூறினேன் அல்லவா? பெருமானார் (ஸல்) அவர்கள் ரோம அரசருக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையிடப்படாத கடிதத்தை அவர்கள் படிக்க மாட்டார்கள் என்று எடுத்துரைக்கப்பட்டது. உடனே வெள்ளியில் ஒரு மோதிரம் செய்வித்து, அதில் தம் திருப்பெயரையும் தூதுத்துவத்தையும் பொறிக்கச் செய்தார்கள். ஸஹீஹான நூல்களில் பதிவான செய்தி இது. மாற்றாரின் வழக்கத்தில் மார்க்கத்துக்கு முரணற்றதை ஏற்று, சொல்ல வந்த செய்தியில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அனுப்பினார்கள். ஜைத் இப்னு தாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தைக் கற்றதும் நாயகம் (ஸல்) அவர்களின் ஆணைப்படியே. அரை மாதத்துக்குள் அவர்கள் அதனைக் கற்றுத் தேர்ந்தார்கள்.

வியப்பு யாதெனில், சீன வணிகத்தில் இன்றும் முத்திரைக்கே முதலிடம்! அங்கு ஒப்பந்தத்தில் கையெழுத்தைக் காட்டிலும் நிறுவனத்தின் வட்டமான சிவப்பு முத்திரையே பெரிதாக மதிக்கப்படுகின்றது. அதில் நிறுவனத்தின் சீனப் பெயர் இருக்க வேண்டும். அட்டையில் அழகாக அச்சிடப்பட்டிருக்கும் ஆங்கிலப் பெயர் வெறும் அலங்காரமே. பதிவேட்டில் இருப்பது சீனப் பெயர்தான். 2015 முதல் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 18 இலக்கங்கள் கொண்ட பதிவு எண் வழங்கப்படுகின்றது. அதனைக் கேட்டுப் பெறுங்கள். பணம் செலுத்தும் வங்கிக் கணக்கு அதே பெயரில் உள்ளதா என்று பாருங்கள். தனி நபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால், அனுப்பாதீர்கள்.

விருந்தும் கோப்பையும்

நம்மவர்கள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். அஞ்ச வேண்டியதும் இதற்கே.

சீனத்தில் உணவு மேசையும் வணிக மேசையும் வேறல்ல. உங்களை வாசலை நோக்கிய இருக்கையில் அமர்த்தினால், நீங்களே தலைமை விருந்தினர் என்று பொருள். உணவு வரும் முன்பே சிறு கோப்பைகளில் தெளிந்த நீர் போன்ற ஒன்றை ஊற்றுவர். அது தானியத்தில் வடித்த கடுமையான மது. முதலாளி எழுந்து, “கன்பேய்!” என்பார். கோப்பையைக் காலி செய்யுங்கள் என்று பொருள். நம் நண்பர் முதல் பயணத்தில் இவ்விடத்தில் தடுமாறிப் போனார். அல்ஹம்துலில்லாஹ், குடிக்கவில்லை. ஆனால் ஊற்றப்பட்ட கோப்பையைக் கையால் மூடி, முகம் சிவக்க எழுந்து நின்றுவிட்டார். பத்துப் பேர் நடுவே விருந்தளித்தவரின் முகம் வாடியது. அவரை விடப் பரிதாபத்துக்குரியவர்கள் உண்டு: “வியாபாரம் கெட்டுவிடுமே” என்று எண்ணி உதட்டில் வைத்தவர்கள், பின்னர் ஊருக்கு வந்து தாயின் முகத்தைப் பார்க்கக் கூசியவர்கள்.

இரண்டுக்குமே அவசியமில்லை. சீனரிடத்திலேயே ஒரு வழக்குத் தொடர் உண்டு: ‘யீ ச்சா தாய் ஜியூ’. மதுவுக்குப் பகரமாகத் தேநீர் என்பது அதன் பொருள். வண்டி ஓட்டுபவரும் நோயுற்றவரும் அதனைக் கூறித் தேநீர்க் கோப்பையை உயர்த்துவர். எவரும் தவறாக எண்ணார். நீங்களும் கூறலாம். ஆனால் நேரம் முக்கியம். மேசையில் அமர்ந்த பின் மறுத்தால் அது அவமதிப்பு. முதல் நாளே மொழிபெயர்ப்பாளர் மூலம் அறிவித்து விட்டால் அது வெறும் தகவல். “நான் முஸ்லிம், மதுவும் பன்றி இறைச்சியும் எனக்கு ஆகாது” என்றால் அவர்களுக்கு விளக்கவுரை தேவையில்லை. ஹுய் இனத்து முஸ்லிம்களைப் பல நூற்றாண்டுகளாக அறிந்தவர்கள் அவர்கள். ஹலால் என்பதற்கு அவர்கள் மொழியில் ‘ச்சிங்சென்’ என்று பெயர். தூய்மை, உண்மை என்னும் இரண்டு எழுத்துகள்! இவ்விரண்டையும் காகிதத்தில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக் கொள்ளுங்கள். கடைப் பலகைகளில் முன்பு காணப்பட்ட அரபி எழுத்துகள் பல நகரங்களில் 2018-க்குப் பின் அகற்றப்பட்டு விட்டன. சீன எழுத்தைத் தேடினால்தான் கிடைக்கும். வெறுமனே ‘இறைச்சி’ என்று அவர்கள் கூறினால் அது பன்றியே என்பதையும், காய்கறியைக் கூட அதன் கொழுப்பில் வதக்குவது உண்டு என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இதனினும் சிறந்த வழி, நீங்களே விருந்தளித்து விடுவது. ஹுய் முஸ்லிம்கள் நடத்தும் உணவகங்கள் பெரும்பாலான நகரங்களில் உள்ளன. அங்கு அழைத்துச் சென்றால் மேசையும் உங்களுடையது; ஒழுங்கும் உங்களுடையது.

அன்பளிப்பு விஷயத்திலும் சிறிது கவனம் தேவை. நம்மவர்களுக்கு, கஅபா படம் போட்ட சுவர்க் கடிகாரத்தைப் பரிசளிப்பதில் தனி விருப்பம் உண்டு. சீனத்தில் கடிகாரம் பரிசளிப்பதைக் குறிக்கும் சொற்களும், இறுதிச் சடங்குக்குத் துணை நிற்பதைக் குறிக்கும் சொற்களும் ஒரே ஒலி உடையவை! நமக்குப் பிரியமான பச்சை நிறத்தில் ஒரு தொப்பியைக் கொடுத்தீர்களோ, தொலைந்தீர்கள். பச்சைத் தொப்பி அணிந்தவன் என்றால், மனைவி சோரம் போனவன் என்று அங்குப் பொருள். ஹுய் முஸ்லிம்களும் வெள்ளைத் தொப்பியே பெரிதும் அணிகின்றனர். பேரீச்சம் பழமும் முந்திரியும் கொண்டு செல்லுங்கள். இரு கைகளாலும் நீட்டுங்கள். ஆனால் ‘அது அவர்கள் பண்பாடு’ என்று கூறி, கொள்முதல் அதிகாரியின் கையில் பண உறையைத் திணிக்காதீர்கள். அது பண்பாடன்று, லஞ்சம். 1993-ஆம் ஆண்டு முதல் அவர்கள் சட்டமே அதனைத் தடுக்கின்றது. நம் மார்க்கம் அதற்கு வெகு காலம் முன்பே தடுத்துவிட்டது.

இன்னொன்றையும் கூறியாக வேண்டும். உய்கூர் சகோதரர்களின் நிலை குறித்து நம் உள்ளத்தில் வேதனை உண்டு. அதனை மறந்துவிடும்படி நான் கூறவில்லை. ஆனால் விலை பேசும் மேசை அதற்குரிய இடமன்று. உங்களோடு அமர்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளரையும், உங்களுக்குச் சோறிடும் ஹுய் முஸ்லிமையும் அப்பேச்சு இக்கட்டில் தள்ளிவிடும். வெளிநாட்டவர் அங்கு மார்க்கப் பிரசாரம் செய்வதையும் 1994-ஆம் ஆண்டின் விதிகள் தடை செய்கின்றன. விநியோகிக்கும் எண்ணத்தில் நூல்களைக் கட்டுக்கட்டாக எடுத்துச் செல்லாதீர்கள். ஐவேளைத் தொழுகையை உங்கள் அறையில் நிறைவேற்றுங்கள். ஜுமுஆவுக்கு யீவூவின் பெரிய பள்ளிவாசலுக்குச் செல்லுங்கள். பல நாட்டு வணிகர்களை அங்குக் காண்பீர்கள். எந்தக் கடை நாணயமானது, எது அல்ல என்பதை அந்த முற்றத்தில் அறிவது போல் வேறெங்கும் அறிய இயலாது.

இல்லத்தரசிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கணவரோ மகனோ சரக்கெடுக்கப் புறப்படுகையில் ஊறுகாயும் பருப்புப்பொடியும் கட்டிக் கொடுக்கின்றீர்கள். துஆச் செய்து வழியனுப்புகின்றீர்கள். உங்கள் நகைகளும் அப்பயணத்தில்தான் செல்கின்றன. ஆகவே, “அங்கே புத்தாண்டு விடுமுறை எப்பொழுது? எடையை எழுதி வாங்குவீர்களா?” என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேளுங்கள். என் நண்பரின் துணைவியார் அன்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் கோபித்திருப்பார் என்பதும் உண்மையே.

அந்த நண்பர் 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் மீண்டும் யீவூ சென்றார். குவாங்சோவில் நெடுநாள் இருந்த ஒரு பெரியவரின் ஆலோசனைப்படி, இம்முறை கடைக்கு நேரே செல்லவில்லை. தாம் முஸ்லிம் என்பதையும், உணவுக்குத் தாமே அழைக்க விரும்புவதையும் மொழிபெயர்ப்பாளர் மூலம் முன்னதாகவே தெரிவித்தார். முதலாளி தம் மனைவியோடும் தொழிற்சாலை மேற்பார்வையாளரோடும் ஹுய் முஸ்லிம் ஒருவரின் உணவகத்துக்கு வந்தார். ஆட்டிறைச்சியும் கோதுமை நூடுல்ஸும் பரிமாறப்பட்டன. நம்மவர் தேநீர்க் கோப்பையை உயர்த்தி, மனப்பாடம் செய்து வைத்திருந்த அந்த நான்கு சொற்களைக் கூறினார். உச்சரிப்புத் தவறியிருக்க வேண்டும். முதலாளியின் மனைவி வாய்விட்டுச் சிரித்து, திருத்திச் சொல்லிக் கொடுத்தாராம். பழைய சரக்கைப் பற்றி நண்பர் வாய் திறக்கவில்லை. உணவு முடியும் தறுவாயில் முதலாளியே அதனை எடுத்தார். புதிய ஆர்டரில் விரிப்பு ஒன்றுக்கு இவ்வளவு எனத் தாமாகவே விலையில் தள்ளிக் கொடுத்தார்.

மறுநாள் ஒப்பந்தம் எழுதப்பட்டது. எடை 600 கிராம், நீளம், அகலம், நூலின் வகை, கப்பலேற்றும் தேதி அனைத்தும் அதில் இருந்தன. மாதிரி விரிப்புகள் இரண்டில் இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொன்று எடுத்துக் கொண்டனர். சிவப்பு முத்திரை குத்தப்பட்டது. 2025-ஆம் ஆண்டின் சீனப் புத்தாண்டு ஜனவரி 29-இல் வந்தது; சரக்கு ஜனவரி முதல் வாரத்திலேயே நிங்போ துறைமுகத்தில் கப்பலேறி, மார்ச் மாத நோன்புக்கு முன்பே மண்ணடி வந்து சேர்ந்தது. மைத்துனரின் கைமாற்றில் பாதி அடைந்துவிட்டது. நகைகள் இன்னும் வாங்கப்படவில்லை. முதலாண்டு விரிப்புகளில் நானூறு இப்பொழுதும் கிடங்கில் உள்ளன; மத்ரஸாப் பிள்ளைகளுக்கென்று எவரேனும் கேட்டு வந்தால், அவற்றின் எடையைத் தாமே கூறிவிட்டு அசல் விலைக்கே கொடுத்து வருகின்றார்.